பழைய வீட்டு கரண்ட் பில் உங்கள் பெயரில் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், எங்கள் பக்கத்தில் வீடு மாறுவது என்றால் பாதிப் பேருக்கு லயத்தை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) விட்டுத் தனி வீட்டுக்குப் போவதுதான். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் நிலத்தோடு வீடு கிடைத்துப் போனவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்காக ஹட்டன், பண்டாரவளை டவுனில் வாடகைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது உடுத்த துணியோடு வெளியேறியவர்களும் இருக்கிறார்கள். எப்படிப் போனாலும் சுவரில் இருக்கும் மீட்டர் மட்டும் நம் பெயரிலேயே அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அம்மா பெயரில் இருந்த லயத்துக் காமராவின் (அறையின்) கரண்ட் கணக்கு, நாங்கள் வெளியேறி நான்கு மாதம் கழித்து ஒரு சிவப்பு நோட்டீஸாக (துண்டிப்பு எச்சரிக்கையாக) வந்து நின்றது. நாங்கள் எரிக்காத 212 யூனிட். அதைச் சரிசெய்ய ஐந்து மாதம் ஆனது. அந்த அலைச்சலில் கற்றதையும், அதற்குப் பிறகு உறவுக்காரர்களும் பக்கத்துத் தோட்டத்தவர்களும் வந்து கேட்ட கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் போய்விட்ட வீட்டுக்கு ஏன் இன்னும் என் பெயரில் பில் வருகிறது?

கரண்ட் கணக்கு வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. மீட்டருக்கு ஒரு கணக்கு இலக்கம், கணக்குக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயரை மாற்றும்படியோ இணைப்பைத் துண்டிக்கும்படியோ யாராவது எழுதிக் கேட்கும் வரை பில் பழைய பெயரிலேதான் அச்சாகும். பழைய தொலைபேசி இலக்கத்தைக் கணக்கோடு பதிந்திருந்தால் குறுஞ்செய்தியும் உங்களுக்கே வரும்.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளியேறுவதைக் கரண்ட் ஆபீஸுக்கு எழுத்தில் அறிவித்தும் பில் வந்தால் பிழை அவர்களுடையது, உங்கள் பக்கம் பலமானது. அறிவிக்கவே இல்லை என்றால், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதலில் கேட்பார்கள். அதற்காகக் கையை விரிக்கத் தேவையில்லை. நாங்களும் அறிவிக்காதவர்கள்தான். இடையில் வேறொருவர் எரித்த யூனிட்டை வேறொருவர் எரித்தார் என்று காட்ட வழி இருக்கிறது. வேலைதான் கொஞ்சம் கூடுதல்.

பில்லைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். அதைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும், வேறெதுவும் கண்ணில் படாது. முதலில் பத்து இலக்கம் கொண்ட கணக்கு இலக்கம் உங்கள் பழைய பில்லில் இருந்ததுதானா என்று பாருங்கள். பிறகு மீட்டர் இலக்கம். இரண்டில் ஒன்று வேறாக இருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. வேறு வீட்டு மீட்டர் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டும் சரி என்றால் முந்திய வாசிப்பு, இப்போதைய வாசிப்பு, அவை எடுக்கப்பட்ட திகதிகள். வாசிப்பு உண்மையில் மீட்டரைப் பார்த்து எடுத்ததா, வீடு பூட்டியிருந்ததால் மதிப்பிட்டுப் போட்டதா என்றும் கேட்டு அறியுங்கள். கடைசியாக, தொகையில் எவ்வளவு இந்த மாதத்துக்கானது, எவ்வளவு முந்திய நிலுவை என்று பிரித்து எழுதுங்கள். நிலுவை எந்த மாதத்தில் தொடங்கியது என்பதுதான் முக்கியம். நீங்கள் கடைசியாகக் கட்டிய பற்றுச்சீட்டுக்கு அடுத்த மாதத்திலிருந்து நிலுவை தொடங்கினால், அதில் சில நாட்களாவது உங்களுடையதாக இருக்கும். அதை ஒத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்பவரின் மீதிப் பேச்சை ஆபீஸில் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். இது என் அனுபவம்.

யூனிட் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, தொகை மட்டும் ஏன் இவ்வளவு ஏறுகிறது?

வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம். மாதம் 60 யூனிட்டுக்குள் எரிப்பவருக்கு ஒரு விதம். 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விதம், மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். லயத்தில் இரண்டு பல்ப், ஒரு டிவி, ரைஸ் குக்கர் என்று 50க்குள் எரித்த குடும்பத்தின் கணக்கில் வேறு ஆட்கள் வந்து 80, 90 எரித்தால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, எல்லா யூனிட்டுக்கும் கணக்கு மாறிவிடும். ஆகவே யூனிட் பிழை என்று நிரூபித்தால் மட்டும் போதாது. யூனிட்டைக் குறைத்து, சரியான படியில் மறுபடி கணக்குப் போட்டுத் தரும்படி கேட்க வேண்டும். மேலே சேர்க்கும் வரியும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

பிரச்சினை வேண்டாம் என்று கட்டிவிட்டால் என்ன?

அம்மாவும் இதைத்தான் சொன்னார். "நம்ம பேருல வந்துருச்சுல்ல, கட்டித் தொலைச்சிருவோம். ஆபீஸ் வாசல்ல போய் நிக்க ஏலாது." பேர் போட்ட கடிதம் வந்தால் பயப்படும் பழக்கம் எங்களுக்கு நேற்று வந்ததல்ல. செக்ரோல் (தோட்டத்து வருகைப் பதிவேடு), தோட்ட ஆபீஸ், துண்டுக் கடிதம் என்று தலைமுறை தலைமுறையாக வந்தது. ஆனால் பயத்தில் கட்டினால் அடுத்த மாதமும் பில் வரும். இணைப்பு இன்னும் உங்கள் பெயரில்தானே இருக்கிறது? ஒரு தடவை கட்டியதையே, உங்கள் பாவனைதான் என்று நீங்கள் ஒத்துக்கொண்டதற்கு அடையாளமாகவும் காட்டலாம்.

நான் செய்யச் சொல்வது இதுதான். வெளியேறிய நாள் வரைக்கான தொகையைக் கணக்குப் பார்த்து அதை மட்டும் கட்டுங்கள். கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, மீதித் தொகையை ஏற்கவில்லை என்று அதே வாரத்தில் கடிதம் கொடுங்கள். துண்டிப்பு நெருக்கடியால் முழுத் தொகையையும் கட்டியே ஆகவேண்டிய நிலை வந்தால், "தகராறுக்கு உட்பட்டுக் கட்டுகிறேன், மீளக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்.

காசல்றீ, மவுசாக்கலை, லக்ஷபான என்று நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் தண்ணீர் எங்கள் மலைகளில்தான் தேங்குகிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் வீடுகளை விட்டுக்கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். கரண்ட் ஆபீஸ் வாசலில் நிற்க நாம் கூச வேண்டியதே இல்லை.

நான் எந்த நாளில் வெளியேறினேன் என்று எப்படிக் காட்டுவது?

முழு வழக்கும் இரண்டே விஷயத்தில் நிற்கிறது. ஒன்று வெளியேறிய திகதி. மற்றது அன்று மீட்டர் காட்டிய எண்.

திகதிக்கு மிகப் பலமான தாள், வீட்டை ஒப்படைத்ததை ஏற்றுக்கொண்டு மற்றவர் கையொப்பமிட்ட கடிதம். தோட்டமானால் துரையின் (தோட்ட முகாமையாளரின்) கையொப்பமும் தோட்ட முத்திரையும். வாடகை வீடானால் ஒப்பந்தத்தின் முடிவுத் திகதியும் வீட்டுக்காரரின் ஒரு வரிக் கடிதமும். அது கிடைக்காவிட்டால் புதிய இடத்துக் கிராம சேவகரிடம் போய், எந்தத் திகதியிலிருந்து அங்கே வசிக்கிறீர்கள் என்று குறிப்பிட்டு வதிவிடச் சான்றிதழ் கேளுங்கள். பழைய இடத்துக் கிராம சேவகர் "இன்னார் இப்போது இங்கே வசிப்பதில்லை" என்று எழுதிக்கொடுத்தால் இன்னும் நல்லது. இரண்டு தாளும் சேர்ந்தால் மறுப்பது கடினம்.

அப்புறம், சின்னச் சின்னத் தாள்கள். பிள்ளையைப் பாடசாலை மாற்றிய விடுகைப் பத்திரம், புது வீட்டின் முதல் தண்ணீர் பில், சாமான் ஏற்றிய லொறிக்காரர் எழுதித் தந்த துண்டு, புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று எடுத்த போட்டோ. எங்களுக்கு உதவியது அந்த போட்டோதான். போனில் எடுத்த படத்தில் திகதி தானாகவே பதிந்திருக்கும். அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பியதை அல்ல, முதலில் எடுத்த படத்தையே வைத்திருங்கள்.

மீட்டர் எண்ணை அன்று குறித்துவைக்கவில்லை. இனி என்ன செய்வது?

பெரும்பாலானோர் இந்த நிலையில்தான் வருகிறார்கள். நாங்களும் குறிக்கவில்லை. கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடித்தோம்.

மார்ச் 6ஆம் திகதி பில்லில் வாசிப்பு 4290. ஏப்ரல் 5ஆம் திகதி பில்லில் 4338. முப்பது நாளில் 48 யூனிட், நாளொன்றுக்கு 1.6. நாங்கள் வெளியேறியது மார்ச் 20. மார்ச் 6இலிருந்து பதினான்கு நாள், 22 யூனிட்டும் சொச்சமும். ஆகவே வெளியேறிய அன்று மீட்டர் ஏறக்குறைய 4312 காட்டியிருக்கும். அதற்குப் பிறகு நோட்டீஸ் வந்த அன்று மீட்டர் 4524. வித்தியாசம் 212. அந்த 212தான் எங்களுடையதல்ல என்று சொன்னோம்.

இது துல்லியமான கணக்கல்ல, அப்படி நாங்களும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் வெறுங்கையோடு போய் "நான் எரிக்கல" என்று சொல்வதற்கும், ஒரு கொப்பித் தாளில் இப்படிக் கணக்கை எழுதிக்கொண்டு போய்க் காட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முன்பு கட்டிய ஆறு மாதப் பில்லையும் சேர்த்து வைத்தால், உங்கள் குடும்பம் வழக்கமாக எவ்வளவு எரித்தது என்பதும் தெரிந்துவிடும். நீங்கள் போன பிறகு பாவனை சட்டென்று கூடியிருந்தால் அதுவே சாட்சி. பழைய பில் ஒன்றும் கையில் இல்லையா? கணக்கு இலக்கத்தைக் கொடுத்து ஆபீஸில் வாசிப்பு விவரத்தை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்?

பழைய வீடு எந்த ஆபீஸுக்குக் கீழே வருகிறதோ அங்கேதான். இப்போது நீங்கள் வெள்ளவத்தையில் இருந்தாலும் மஸ்கெலியா வீட்டுக் கணக்கை மஸ்கெலியாப் பக்கத்து நுகர்வோர் சேவை நிலையம்தான் பார்க்கும். அங்கே பொறுப்பாக இருப்பவர் மின் அத்தியட்சகர். அவருக்கு மேலே பிரதேச மின் பொறியியலாளர். கவுண்டரில் காசு வாங்குபவரிடம் விவாதித்துப் பிரயோசனமில்லை. தொகையைத் திருத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை. அத்தியட்சகரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

இலங்கை மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்துக்கும் அழைத்து முறைப்பாட்டைப் பதியலாம். பதிந்ததும் தரும் முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னது போதும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். கடிதம் கட்டாயம் போக வேண்டும். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று திகதியோடு முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். நேராகத் தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தப் பற்றுச்சீட்டு முத்திரைக்குச் சமம்.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் சபையைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்தது. பில்லின் தலைப்பில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். பில்லில் குறிப்பிட்டிருக்கும் அதே ஆபீஸுக்குப் போங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

சுருக்கமாக. நான்கைந்து பேருக்கு எழுதிக்கொடுத்ததன் மாதிரி இது. உங்கள் விவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"மின் அத்தியட்சகர் அவர்களுக்கு,

கணக்கு இலக்கம் (பத்து இலக்கம்), மீட்டர் இலக்கம் (இன்னது): நான் வசிக்காத காலத்துக்கான பட்டியலைத் திருத்துமாறு கோரல்.

மேற்படி இணைப்பு இருக்கும் வீட்டிலிருந்து நான் (திகதி) அன்று வெளியேறிவிட்டேன். அன்றைய மீட்டர் வாசிப்பு (எண்). அது வரைக்கான கட்டணத்தைச் செலுத்திவிட்டேன், பற்றுச்சீட்டின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. அதன் பின்னர் (திகதி) வரை பதிவான (எண்ணிக்கை) யூனிட் என் பாவனையல்ல. அவ்வீட்டில் இப்போது வேறு குடும்பத்தினர் வசிக்கின்றனர்.

ஆகவே (1) என் பெயரிலுள்ள நிலுவையை மேற்படி திகதியின்படி திருத்தித் தரவும், (2) என் பெயரிலுள்ள இணைப்பை நிரந்தரமாகத் துண்டிக்கவோ தற்போது வசிப்பவரின் பெயருக்கு மாற்றவோ நடவடிக்கை எடுக்கவும், (3) முடிவை எழுத்தில் அறியத்தரவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடிவு கிடைக்கும் வரை தகராறுக்குரிய தொகைக்காக எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் எனவும் கோருகிறேன்."

கீழே பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், இப்போதைய முகவரி, போன் இலக்கம், இணைப்புகளின் பெயர்கள். மூலத் தாள்களை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பிரதி மட்டும். புது வீட்டில் எந்தக் கணக்கில் கரண்ட் எரிக்கிறீர்களோ அந்தக் கணக்கு இலக்கத்தையும் ஒரு வரியில் சேர்த்தால், ஒரே நாளில் இரண்டு வீட்டில் நீங்கள் இருந்திருக்க முடியாது என்பது தானாக விளங்கும்.

தமிழில் கொடுத்தால் எடுப்பார்களா?

எடுக்க வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ எழுதவும், பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. 1988இல் வந்த 16ஆம் திருத்தத்தில் சேர்ந்தது இது. சிங்களம் தெரிந்த ஒருவரிடம் சொல்லி ஒரு பிரதியைச் சிங்களத்திலும் எழுதி இணைத்தால் வேலை விரைவாக நடக்கும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். உரிமையை விட்டுக்கொடுக்காமல், வேலையையும் முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதமாகப் பதிலே இல்லை. அடுத்து?

முதலில் ஒரு நினைவூட்டல் கடிதம், பழைய கடிதத்தின் பிரதியோடு, இந்த முறை பிரதேச மின் பொறியியலாளருக்கு. அதற்கும் பதில் இல்லை என்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகவே செய்யலாம்.

ஒன்று, இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது, கொழும்பு 03இல் இருக்கிறது. மின்சாரத் துறையைக் கண்காணிக்கும் சபை அதுதான். பாவனையாளருக்கும் கரண்ட் வழங்குபவருக்கும் இடையில் வரும் தகராறுகளையும் பார்க்கிறது. முதலில் ஆபீஸுக்கு முறையிட்டீர்களா என்று கேட்பார்கள். அதனால்தான் முத்திரையையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

மற்றது தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உங்கள் கணக்கின் வாசிப்பு விவரங்களை எந்தப் பிரஜையும் கேட்பது போல நீங்களும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. "இந்தக் கணக்கு இலக்கத்துக்கு இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை எடுத்த ஒவ்வொரு மீட்டர் வாசிப்பும், எடுத்த நாளும், அது நேரில் பார்த்ததா மதிப்பீடா என்பதும், என் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கையும்" என்று தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சபை கம்பனிகளாகப் பிரிந்தாலும் இந்த உரிமை போகாது. அரசுக்கு 25 வீதமோ அதற்கு மேலோ பங்கிருக்கும் கம்பனிகளும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன.

எங்கள் விஷயம் அசைந்தது இந்தத் தகவல் கடிதத்துக்குப் பிறகுதான். பதில் வருவதற்கு முன்பே ஒருவர் போன் எடுத்து, வீட்டை வந்து பார்க்கிறோம் என்றார்.

தோட்டம் சம்பளத்தில் கரண்ட் காசு வெட்டுகிறது. லயத்தை விட்டு வந்துவிட்டேன்.

சில தோட்டங்களில் லயத்துக்கான கரண்ட் தோட்டத்தின் கணக்கில் வந்து, ஆளுக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் கழிக்கிறார்கள். அப்படியானால் உங்களுக்கென்று கணக்கு இலக்கம் இருக்காது. கரண்ட் ஆபீஸ் வாசலில் நிற்பது வீண். பெரிய கிளார்க்கிடம் போய், எந்தக் காமராவுக்கு எவ்வளவு வெட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். வீட்டை ஒப்படைத்த திகதியைக் காட்டித் துரைக்குக் கடிதம் கொடுங்கள். வெட்டு நிற்கவில்லை என்றால் கடைசி ஆறு மாதச் சம்பளத் துண்டுகளை எடுத்துக்கொண்டு தொழில் காரியாலயத்துக்குப் போகலாம். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் அனுமதித்த வகையில் மட்டும்தான் சம்பளத்தில் கை வைக்க முடியும். குடியிராத வீட்டுக்கு வெட்டுவதைத் தோட்டத்தால் நியாயப்படுத்த ஏலாது. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வீடு கிடைத்துப் போகும்போது "தம்பி மகன் இருக்கட்டும்" என்று லயத்துக் காமராவைச் சொந்தக்காரரிடம் விட்டுவிட்டுப் போகிறோம். பாசம் சரிதான், ஆனால் கரண்ட் கணக்கு நம் பெயரிலேயே நிற்கும். நிலுவை ஏறியதும் உறவும் கசக்கும். பெயர் மாற்றத்தை அவர் வந்து குடியேறும் அன்றே பேசிவிடுங்கள்.

லயத்தில் என் மீட்டரும் பக்கத்து வீட்டு மீட்டரும் மாறியிருக்குமோ என்று சந்தேகம்.

நடக்கும். வரிசையாக மீட்டர்கள், ஒரே மாதிரி வயர்கள், மழையில் அழிந்துபோன இலக்கங்கள். சோதிப்பது எளிது. இப்போது அங்கே குடியிருப்பவரின் சம்மதத்தோடு அந்த வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மீட்டரைப் பாருங்கள். பழைய மீட்டரில் தட்டு சுற்றுவது நிற்க வேண்டும். புதிய மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்குவது நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் அந்த மீட்டரிலிருந்து வேறு வீட்டுக்குக் கரண்ட் போகிறது. வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் முத்திரையையோ வயரையோ தொடாதீர்கள், அது குற்றம். கழற்றிப் பார்க்கும் வேலை ஆபீஸுக்குரியது. மீட்டரே பிழையாக ஓடுகிறது என்று தோன்றினால் பரிசோதிக்கச் சொல்லி எழுத்தில் கேட்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு.

வாடகை வீடு. பில் வீட்டுக்காரர் பெயரில். நான் போன பிறகு வந்த பில்லையும் என் அட்வான்ஸில் கழித்துவிட்டார்.

இது கரண்ட் ஆபீஸ் விவகாரமே அல்ல, உங்களுக்கும் அவருக்கும் இடையிலானது. மேலே சொன்ன நாட்கணக்கைப் போட்டு அவரிடமே பேசுங்கள். சரிவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சபைகள் இவை. வக்கீல் தேவையில்லை, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். சிறிய அட்வான்ஸ் தொகைக்காக நீதிமன்றம் ஏறி இறங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

மண்சரிவில் வீடே போய்விட்டது. அதற்கும் பில் வருகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்டவரின் குரலை என்னால் மறக்க முடியவில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த மலையகம், டித்வாவில் மறுபடி அதே வேதனையைப் பார்த்தது. மீட்டரும் மண்ணோடு போயிருந்தால், யாரும் வாசிப்பு எடுத்திருக்க முடியாது. வரும் பில் மதிப்பீடோ நிலையான கட்டணமோதான்.

கிராம சேவகர் உறுதிப்படுத்திய சேத விவரத்தையும், பிரதேச செயலகத்தில் பாதிக்கப்பட்டவராகப் பதிந்த தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் இனிக் குடியிருக்கக் கூடாது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிக்கை தந்திருந்தால் அதன் பிரதியும். அனர்த்தம் நடந்த திகதியிலிருந்து கணக்கை மூடும்படி கேளுங்கள். வீடு நிற்கிறது, ஆனால் போக முடியாது, மீட்டர் சுவரில் இருக்கிறது என்றால் இன்னும் அவசரம். ஈரச் சுவரில் கரண்ட் ஓடுவது உயிராபத்து. நீங்களே போய்க் கழற்றாதீர்கள். 1987க்கு அழைத்து, ஆபத்தான இணைப்பு என்று சொல்லித் துண்டிக்கச் சொல்லுங்கள். அடையாள அட்டை முதல் எல்லாத் தாளும் போய்விட்டால், கணக்கு இலக்கத்தைப் பக்கத்து வீட்டு மீட்டரை வைத்து ஆபீஸிலேயே தேடி எடுக்கலாம். முகாமில் ஒரே லயத்தவர்கள் நான்கைந்து பேர் இருந்தால் ஒன்றாகப் போங்கள். ஒவ்வொருவரும் தனித்தனிக் கடிதம் கொடுங்கள்.

கணக்கு இறந்துபோன அப்பாவின் பெயரில் இருக்கிறது.

மரணச் சான்றிதழின் பிரதியோடு, நீங்கள் இன்ன உறவு என்று எழுதிக் கொடுங்கள். மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.

பழைய வீட்டு நிலுவைக்காகப் புது வீட்டு கரண்டை வெட்டுவார்களா?

சிவப்பு நோட்டீஸில் எந்தக் கணக்கு இலக்கம் இருக்கிறதோ அந்த இணைப்பைத்தான் துண்டிக்க வருவார்கள். ஆனால் நீங்கள் புது இணைப்புக்கோ பெயர் மாற்றத்துக்கோ விண்ணப்பிக்கும்போது உங்கள் பெயரில் பழைய நிலுவை இருந்தால் அது தலை தூக்கும். ஆகவே தகராறு நடக்கும் காலத்தில் புது வீட்டுப் பில்லை ஒரு நாளும் பிந்தாமல் கட்டுங்கள். இரண்டு கணக்கையும் கலக்கவே விடாதீர்கள். "இதில் கட்டுவதை அதில் வரவு வைக்கிறோம்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இணைப்பு எடுக்கும்போது கட்டிய வைப்புப் பணம் திரும்பக் கிடைக்குமா?

கணக்கை நிரந்தரமாக மூடும்போது, நிலுவை இருந்தால் கழித்துக்கொண்டு மீதியைக் கேட்டுப் பெறலாம். யாரும் கூப்பிட்டுத் தருவதில்லை. மூடச் சொல்லும் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அடுத்த மாதம் வீடு மாறப்போகிறோம். இப்போதே என்ன செய்யலாம்?

இரண்டு வாரத்துக்கு முன்பே ஆபீஸுக்கு எழுத்தில் அறிவியுங்கள். சாமான் ஏற்றும் நாளில் மீட்டர் இலக்கமும் வாசிப்பும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம். அடுத்து வருபவரையோ தோட்ட ஆபீஸில் ஒருவரையோ கூப்பிட்டு, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். பத்து நிமிட வேலை.

திருத்திவிட்டோம் என்று வாயால் சொன்னார்கள். விட்டுவிடலாமா?

கூடாது. எங்களுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். அடுத்த மாதம் அதே நிலுவையோடு பில் வந்தது. மறுபடி போய், 212 யூனிட் கழித்த புதிய கணக்கையும், அம்மா பெயரில் இனி நிலுவை எதுவும் இல்லை என்ற ஒரு வரியையும் முத்திரையோடு வாங்கி வந்தோம். நீங்களும் அந்த ஒரு வரியை வாங்குங்கள். ஒரு பிரதியைப் பிள்ளைகளின் போனிலும் படமாக எடுத்துவையுங்கள். அடுத்த இரண்டு பில் காலத்துக்கு 1987க்கு அழைத்துப் பழைய கணக்கு இலக்கத்தைச் சொல்லி, நிலுவை பூச்சியம்தானா என்று கேட்டுப் பாருங்கள்.